மற்றவை என்றொரு கோப்பு

அம்மாவின் குரல் என்னிடம் ஒரே ஒரு கேசட்டில்தான் இருக்கிறது. 1989இல், குரோம்பேட்டை ராதா நகர் ரயில்வே கேட்டுக்கு அருகில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் அடுக்களையில் பதிவானது. அப்பா அப்போது சவூதியில் இருந்தார். சில மாதங்களுக்கு ஒருமுறை, ஊருக்கு வந்து திரும்புகிற யார் கையிலாவது கடிதத்தோடு ஒரு கேசட்டும் அவருக்குப் போகும். ஒரு பக்கம் முழுக்க வீட்டு வாடகை, என் பள்ளிக்கூடம், பாட்டியின் மூட்டுவலி. மறுபக்கத்தில், அவர் கேட்டிருந்ததால், அம்மா இரண்டு பாட்டுகள் பாடியிருக்கிறாள். உட்கார்ந்து பாடவில்லை. பாடுவதற்கென்று உட்கார அவளுக்கு நேரம் இருந்ததில்லை. மிளகு இடித்துக்கொண்டே பாடினாள். டூ-இன்-ஒன்னின் பட்டனை அழுத்திவிட்டுப் பக்கத்தில் காவல் இருந்தவள் பத்து வயது நான். அப்பா திரும்பி வந்தபோது அவருடைய பெட்டியில் அந்தக் கேசட்டும் திரும்பி வந்தது.

அம்மா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. சென்ற ஆண்டு வகுப்பில் ஏதோ பேச்சில் இந்தக் கேசட்டைப் பற்றிச் சொன்னேன். கல்லூரி விழாக்களுக்குத் தன் மடிக்கணினியில் தானே கரோக்கி தயாரித்துக்கொள்ளும் மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி, மணி அடித்த பிறகும் நின்றாள். "குடுங்க மேம், சத்தமெல்லாம் எடுத்துட்டுக் குரல மட்டும் தனியாப் பிரிச்சுத் தரேன்" என்றாள். ஒரு வாரத்தில் பென்டிரைவ் வந்தது. அதில் நான்கு கோப்புகள். மென்பொருள் தானாகவே வைத்த பெயர்களைத் தமிழில் சொன்னால்: குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை.

துறை அறையில் எல்லோரும் போன பிறகு கேட்டேன். 'குரல்' கோப்பில் அம்மா என் காதோடு பாடினாள். முப்பத்தைந்து வருடத்து இரைச்சல் போயிருந்தது. 'டிரம்ஸ்' கோப்பில் இடிகல்லின் சத்தம் மட்டும் சீராகக் கேட்டது. கணினிக்கு அது தாளம். 'பேஸ்' கோப்பில் வீட்டுக்குப் பின்னால் போன மின்சார ரயிலின் உறுமல். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இலிருந்து ஓடிய அந்த மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004இல் நின்றுபோனது. அந்தச் சத்தத்தை இனி எங்கும் போய்க் கேட்க முடியாது.

'மற்றவை'யில் கேட் மணி இருந்தது. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் இருந்தது. குழாயடியில் யாரோ யாரையோ ஏசுவது தேய்ந்து கேட்டது. அவற்றுக்கு நடுவே அம்மாவும் இருந்தாள். பாட்டின் சொற்கள் மறந்துபோன இடங்களில் அவள் முனகியிருக்கிறாள். அந்த முனகலில் பாதியை மென்பொருள் குரலாக ஏற்கவில்லை. சொல் இருந்த இடத்தில் அவள் 'குரல்'. சொல் இல்லாத இடத்தில் அவள் 'மற்றவை'.

இந்தக் கட்டுரை அந்த நான்காவது கோப்பிலிருந்து தொடங்குகிறது.

*

பாட்டிலிருந்து குரலைப் பிரிக்கும் ஆசை பழையது. ஸ்டீரியோ காலத்தில் அதற்கு ஓர் எளிய வழி இருந்தது. பாடகரின் குரலைப் பெரும்பாலும் நடுவில் வைப்பார்கள். இடது ஒலிபெருக்கிக்கும் வலது ஒலிபெருக்கிக்கும் அது ஒரே அளவில் போகும். ஒரு பக்கத்து ஒலியைத் தலைகீழாக்கி மறுபக்கத்தோடு சேர்த்தால், இரண்டிலும் ஒன்றுபோல இருப்பது அழிந்துவிடும். குரல் போய், ஓரங்களில் இருந்த வாத்தியங்கள் மிஞ்சும். பழைய கரோக்கிகளில் பல இப்படித்தான் தயாராயின. கரோக்கி என்ற ஜப்பானியச் சொல்லுக்கே வெற்று வாத்தியக்குழு என்றுதான் பொருள்.

இந்த முறையில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. இதைக் கொண்டு பாடுகிறவரை அழிக்க முடிந்தது. அவரைத் தனியாகக் கேட்க முடியவில்லை. இரண்டு காதுக்கும் ஒரே ஒலி போகும் மோனோ பதிவில் இந்த வித்தையும் பலிக்காது. எழுபதுகளின் தமிழ்த் திரைப்பாட்டுகள் பெரும்பாலும் மோனோதான்.

இப்போதைய முறை வேறு. குரலும் வாத்தியங்களும் தனித்தனித் தடங்களாகக் கிடைக்கும் பாட்டுகளைக் கணினிக்குப் போட்டுக் காட்டி, எது குரல், எது வாத்தியம் என்று பழக்குகிறார்கள். பழகிய கணினி, இதுவரை கேட்டிராத பாட்டையும் பிரிக்கிறது. பாரிஸின் டீஸர் நிறுவனம் 2019இல் ஸ்ப்ளீட்டர் என்ற மென்பொருளை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. ஃபேஸ்புக் ஆய்வாளர்களின் டெமக்ஸும் அதையொட்டி வந்தது. ஒலிப்பதிவுக் கூடங்களின் வேலையாக இருந்தது இன்று சேலையூரில் ஒரு மாணவியின் மடிக்கணினியில் சில நிமிட வேலை.

இந்தக் கணினிகள் எதைக் கேட்டுப் பழகின என்பதுதான் என் கேள்வி. ஆய்வுலகம் வெகுவாகப் பயன்படுத்தும் பயிற்சித் தொகுப்பொன்றில் 150 பாட்டுகள் இருக்கின்றன. மொத்தம் பத்து மணி நேரம். பெரும்பாலும் மேற்கத்திய பாப், ராக் இசை. ஒவ்வொரு பாட்டும் நான்காகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை. ஒரு ராக் குழுவின் மேடையை நினைத்துக்கொண்டால் இந்தப் பகுப்பு விளங்கும். வீணைக்கும் நாகசுரத்துக்கும் புல்லாங்குழலுக்கும் இதில் பெயர் கிடையாது. எல்லாம் 'மற்றவை'.

பெண்ணியம் படித்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஒரு பட்டியலை யார் போடுகிறார்களோ அவர்களுக்குப் பழகிய பொருட்களுக்குப் பெயர் இருக்கும். மீதி எல்லாம் கடைசி வரியில் சேரும். சம்பளம் இல்லாத வீட்டுவேலையும் பல காலம் நாட்டின் கணக்குகளில் இப்படித்தான் இடமின்றிக் கிடந்தது. என் அம்மாவின் முனகல் போய்ச் சேர்ந்த இடம் எனக்கு அந்நியமாகப் படவில்லை.

*

தமிழில் 'பின்னணி' என்றொரு சொல் இருக்கிறது. படத்தில் பாடுகிறவர் பின்னணிப் பாடகி. வசனத்துக்கு அடியில் ஓடுவது பின்னணி இசை. குரலும் பின்னணி, வாத்தியமும் பின்னணி. அப்படியென்றால் முன்னணியில் இருப்பது எது? திரையில் தெரியும் உடல். குரலை வாத்தியத்திலிருந்து பிரிக்கும் கணினி வருவதற்கு வெகுமுன்பே, பெண்ணின் குரலை அவள் உடலிலிருந்து பிரிக்கும் வேலையை நம் சினிமா கற்றுக்கொண்டுவிட்டது.

1945இல் வெளிவந்த ஸ்ரீவள்ளி இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. வள்ளியாக நடித்த ருக்மிணி பாடியிருந்த பாட்டுகள் திருப்தி தராததால், ஏ. வி. மெய்யப்பன் அவற்றை நீக்கிவிட்டு பி. ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார். தொழில்நுட்ப வரலாறாக இதை எழுதுகிறவர்கள் சாதனை என்று எழுதுகிறார்கள். சாதனைதான். ஆனால் அதற்குள் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒருத்தியின் முகம் எடுத்துக்கொள்ளப்பட்டு அவள் குரல் கழிக்கப்பட்டது. மற்றவளின் குரல் எடுத்துக்கொள்ளப்பட்டு அவள் முகம் மறைக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்து ஒரு முழுப்பெண்ணை உருவாக்கும் உரிமை மூன்றாவது ஒருவரிடம் இருந்தது.

அடுத்த பல பத்தாண்டுகளுக்கு இதுவே வழக்கமாயிற்று. திரையில் ஓர் உடல், ஒலிநாடாவில் ஒரு குரல். இந்தப் பிரிவினையால் பாடகிகளுக்கு ஒரு பாதுகாப்பும் கிடைத்தது என்பதை மறுக்க முடியாது. உடலைக் காட்டாமல் பாடியதால்தான் குடும்பப் பெண்கள் என்று சமூகம் வகுத்திருந்த எல்லைக்குள் நின்றபடியே அவர்களால் தொழில்முறைப் பாடகிகளாக வாழ முடிந்தது. அதற்குக் கொடுத்த விலை, அவர்களுடைய உழைப்பு உழைப்பாகத் தெரியாமல் போனது. பாடகிகளைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதியவற்றைப் படித்துப்பாருங்கள். தேன், குயில், குழல், தென்றல். தேனுக்கு மூச்சு வாங்காது. குயில் ஒத்திகை பார்ப்பதில்லை.

இந்த இடத்தில்தான் பிரிப்பு மென்பொருள் எனக்கு உதவியது. 16 வயதினிலே (1977) படத்தில் எஸ். ஜானகிக்குத் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டை அதே மாணவியிடம் சொல்லிப் பிரிக்கச் செய்து வகுப்பில் போட்டேன். பெண்ணெழுத்து பற்றிய வகுப்பு அது. முதலில் எல்லோருக்கும் பழகிய முழுப்பாட்டு. பிறகு குரல் மட்டும். வகுப்பு அமைதியானது. ஒரு மாணவி, "மூச்சு கேக்குது மேம்" என்றாள். ஆமாம், கேட்டது. எந்த அடிக்கு முன்னால் மூச்சு எடுக்கிறார், எதைச் சேமித்து எங்கே செலவழிக்கிறார், சொல்லின் கடைசி மெய்யெழுத்தை எங்கே மென்மையாக விடுகிறார் என்பதெல்லாம் கேட்டது. வாத்தியக்குழுவும் பாடகியும் ஒரே நேரத்தில் பதிவு செய்த காலம் அது. யாராவது ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த நெருக்கடிக்குள் ஒருவர் எத்தனை முடிவுகளை எடுத்துக்கொண்டு பாடுகிறார் என்பதை மாணவிகள் ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் கரும்பலகை நிறைந்தது. அதில் தேன் என்ற சொல் வரவில்லை.

பிரித்துக் கேட்பது ஒரு விமர்சன முறை என்று நான் நம்பத் தொடங்கியது அன்றுதான். கவிதையில் ஓர் அடியைத் தனியாக எடுத்து வைத்துப் பார்ப்பதைப்போல. பார்த்த பிறகு அதன் இடத்தில் திரும்ப வைத்துவிடுகிறோம்.

இதன் மறுபாதியும் நம் புறநகரங்களில் நடக்கிறது. மேடவாக்கத்திலும் பெருங்களத்தூரிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மகளிர் தினத்தன்றும் நவராத்திரியிலும் மைக்கைப் பிடிக்கும் பெண்களைப் பார்க்கிறேன். நட்சத்திரப் பாடகியின் குரல் நீக்கப்பட்ட வெற்றிடத்தில் ஐம்பது வயதில் முதல்முறையாகத் தன் குரலைக் கேட்கிறவர்கள் அவர்கள். எங்கள் மாடியில் இருக்கும் அக்கா இரவு பாத்திரம் கழுவி முடித்த பிறகு, காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஸ்மியூலில் முகம் தெரியாத ஒருவரோடு டூயட் பாடுகிறார். தொழில்நுட்பம் பெண்ணுக்கு எதிரி என்று ஒரே வரியில் முடித்துவிட எனக்கு இதனால்தான் மனம் வரவில்லை.

*

குரலைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டேன். பக்கவாத்தியத்தைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். 'துணை' எங்கே முடிகிறது, 'முதன்மை' எங்கே தொடங்குகிறது?

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலுக்குக் கருவிகள் இசைக்கும் இடம் ஒன்று வருகிறது. ஒவ்வொரு கருவியும் முன்னதைப் பின்பற்றி வந்து சேர்வதாக இளங்கோ வரிசைப்படுத்துகிறார். பின்பற்றுவதும் சேர்வதும்தான் அங்கே பேசப்படுகின்றன. எதை நீக்கினால் எது மிஞ்சும் என்ற கணக்கு அங்கே இல்லை. கர்நாடகக் கச்சேரியில் இதை இன்றும் பார்க்கலாம். வயலின் பாடுகிறவரின் குரலை நிழல்போலத் தொடர்கிறது. அதே சுருதி, அதே கமகம், ஒரு கணம் பிந்தி. பிரிப்பு மென்பொருள் அடிக்கடி தடுமாறும் இடம் இது. குரலில் வயலின் ஒட்டிக்கொள்கிறது, வயலினில் குரல் கேட்கிறது.

பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் காம்ப்மியூசிக் என்ற ஆய்வுத் திட்டத்தின் கீழ், கர்நாடகக் கச்சேரிகளின் பலதடப் பதிவுகள் கொண்ட 'சரகா' என்ற தொகுப்பு உருவானது. ஒவ்வொரு கலைஞருக்கும் தனித் தடம் இருந்தாலும், ஒரே மேடையில் நேரடியாகப் பதிவானவை என்பதால் பாடகரின் மைக்கிலேயே வயலினும் மிருதங்கமும் கேட்கின்றன. இதை ஆய்வாளர்கள் கசிவு என்கிறார்கள். பயிற்சிக்கு அது இடைஞ்சல். கேட்கிற எனக்கு அது ஒரு செய்தி: ஒரே மேடையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு உருவாக்கிய இசை முழுதாகப் பிரியாது.

ஆனால் துணையை நான் புனிதமாக்கவும் விரும்பவில்லை. பெண்களுக்குத் துணை எளிதாகக் கிடைத்ததில்லை. பெண்களுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதில்லை என்று ஆண் வித்வான்கள் பலர் இருந்த காலம் ஒன்று உண்டு. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரே நெடுங்காலம் பெண்களுக்கு வாசித்ததில்லை. பின்னாளில்தான் டி. கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். பக்கவாத்தியத்தை நீக்கிப் பெண்ணின் குரலைத் தனியாக எடுப்பது இன்று விரல்நுனி வேலை. பக்கவாத்தியம் மறுக்கப்பட்டுப் பெண் தனித்து நின்ற வரலாறும் இதே மண்ணில்தான் இருக்கிறது. இரண்டிலும் பெண் குரல் தனியாக நிற்கிறது. யாருடைய முடிவால் நிற்கிறது என்பதைத்தான் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

*

2024ஆம் ஆண்டு இந்தக் கேள்வி தமிழ்ச் சினிமாவில் வெளிப்படையாக வந்து நின்றது. லால் சலாம் படத்தில் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகிய மறைந்த பாடகர்களின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு ஏ. ஆர். ரஹ்மான் பயன்படுத்தினார். குடும்பங்களிடம் அனுமதி பெற்று உரிய ஊதியமும் அளித்ததாகத் தெரிவித்தார். வேட்டையனில் மலேசியா வாசுதேவனின் குரல் வந்தது. அதே ஆண்டு தி கோட் படத்தில் பவதாரிணியின் குரல்.

பவதாரிணி 2024 ஜனவரி 25 அன்று இலங்கையில் இறந்தார். வயது 47. ஜூனில் அந்தப் பாட்டு வெளியானது. அவர் குணமாகி வந்ததும் பாட வைக்கலாம் என்று நினைத்திருந்ததாகவும், அதற்குள் இறப்புச் செய்தி வந்ததாகவும் தம்பி யுவன் ஷங்கர் ராஜா எழுதினார். அந்தத் துயரத்தை நான் சந்தேகிக்கவில்லை. அக்காவின் குரலை இன்னொரு முறை கேட்கத் துடித்த தம்பியின் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேனோ என்னவோ. விமர்சகராக என் வேலை அந்தத் துயரத்தை எடைபோடுவதில்லை. அந்தப் பாட்டு கேட்பவர்களாகிய நமக்கு எதைப் பழக்குகிறது என்று பார்ப்பதுதான்.

பிரித்துக் கேட்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் அயல்நாட்டுப் பாட்டை வைத்துச் சொல்லலாம். ஜான் லெனன் எழுபதுகளின் இறுதியில் வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டே ஒரு கேசட்டில் பாடிவைத்தார். பியானோவும் குரலும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. 2023இல் கணினியின் உதவியோடு குரலைப் பிரித்தெடுத்து, பீட்டில்ஸ் குழுவின் பெயரில் அந்தப் பாட்டை வெளியிட்டார்கள். அதில் கேட்பது லெனன் பாடிய அடிகளே. அவர் எடுத்த மூச்சுகளே. பவதாரிணியின் பாட்டு அப்படியல்ல. அவர் அதைப் பாடியதே இல்லை. பாடியவற்றிலிருந்து அவர் குரலின் தன்மையைக் கணினி கற்றுக்கொண்டு, பாடாததைப் பாடுகிறது. அப்படிக் கற்பதற்குக் கணினிக்கு வாத்தியம் கலக்காத சுத்தமான குரல் வேண்டும். தனித்தடம் கைவசம் இல்லாத இடத்தில் அதைக் கொடுப்பது பிரிப்பு மென்பொருள்தான். நான் வகுப்பில் மூச்சைக் கேட்கப் பயன்படுத்திய அதே கருவி இங்கே முதல் படி.

இதில் இன்னொரு பெண்ணும் இருக்கக்கூடும். குரல் மாற்றும் முறையில், வழக்கமாக உயிரோடு இருக்கும் ஒருவர் பாட்டை முதலில் பாட வேண்டும். அவர் பாடியதன்மேல்தான் மற்றவரின் குரலைக் கணினி போர்த்துகிறது. உணர்ச்சி, நிறுத்தம், மூச்சு எல்லாம் அடியில் பாடியவருடையவை. பெயர் மேலே இருப்பவருடையது. நட்சத்திரங்கள் வந்து பாடும்வரை டிராக் பாடிக்கொடுத்துவிட்டுப் பெயரில்லாமல் போன பெண்கள் நம் ஒலிப்பதிவுக் கூடங்களுக்குப் புதியவர்கள் இல்லை. இனி அவர்களுடைய குரலை அழித்துவிட்டு வேறொருவர் புதிதாகப் பாட வேண்டிய அவசியமும் இருக்காது. பின்னணிக்கும் பின்னால் ஒரு பின்னணி. தமிழில் அதற்கு இன்னும் பெயர் இல்லை.

மறைந்த குரல்களைப் பயன்படுத்தும்போதெல்லாம் முதலில் வரும் வாசகம் 'குடும்பத்தார் அனுமதித்தார்கள்' என்பது. சட்டத்தின் இன்றைய நிலையில் அது முக்கியமான வாசகம்தான். அனுமதி கேட்காமல் எஸ். பி. பாலசுப்ரமணியத்தின் குரலைப் பயன்படுத்தியதாக ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு அவருடைய குடும்பம் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பியது. உயிரோடிருக்கும் பாடகர்களுக்குக் குரல் அவர்களுடைய ஆளுமையின் பகுதி என்ற அடிப்படையில் நீதிமன்றப் பாதுகாப்பு கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. மும்பை உயர் நீதிமன்றம் 2024இல் அரிஜித் சிங்குக்கும் 2025இல் ஆஷா போஸ்லேவுக்கும் அப்படி இடைக்காலத் தடை வழங்கியது. இவை தேவையான தொடக்கங்கள்.

ஆனாலும் 'குடும்பத்தார் அனுமதித்தார்கள்' என்ற வாசகத்தைப் பெண்களாகிய நாம் முன்பே கேட்டிருக்கிறோம். பாட அனுமதித்தார்கள், மேடையேற அனுமதித்தார்கள், கல்யாணத்துக்குப் பிறகு தொடர அனுமதித்தார்கள். அனுமதி மறுக்கப்பட்டதால் பாடாமல் போன பெண்களின் பட்டியலை யாராலும் தொகுக்க முடியாது. உயிரோடு இருந்தபோது பெண்ணின் குரலுக்குக் காவலாக இருந்த குடும்பம் இறந்த பிறகும் காவலாக இருக்கிறது. அன்பான குடும்பமாக இருந்தால் நல்லது. அன்பை மட்டும் நம்பி ஓர் உரிமையை விட்டுவைக்க முடியுமா?

பவதாரிணியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாரதி (2000) படப் பாட்டுக்காகத் தேசிய விருது பெற்ற பாடகி என்றுதான் பெரும்பாலோர் அவரை அறிவார்கள். அவர் இசையமைப்பாளரும்கூட. தொழில்நுட்பக் குழுவில் பெண்கள் நிறைந்திருந்த, ரேவதி இயக்கிய மித்ர், மை ஃப்ரெண்ட் (2002) படத்துக்கு இசை அவர்தான். அதாவது எந்தக் குரல் எங்கே வர வேண்டும், எந்த வாத்தியம் எப்போது ஒதுங்க வேண்டும் என்று முடிவெடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்த மிகச் சில தமிழ்ப் பெண்களில் ஒருவர். கணினி அவரிடமிருந்து பிரித்து எடுத்துக்கொண்டது குரலை. முடிவெடுக்கும் அந்தப் பெண் எந்தக் கோப்பிலும் வரவில்லை. அவரை நினைவுகூர நமக்கு இருக்கும் நல்ல வழி, அவர் பாடியவற்றையும் அமைத்தவற்றையும் திரும்பப் போய்க் கேட்பதுதான்.

*

நீதி பேசுவது எளிது. என் வீட்டுக் கதைக்கே திரும்புகிறேன்.

பென்டிரைவைத் தந்து சில வாரம் கழித்து அந்த மாணவி மறுபடி வந்தாள். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் கூட்டத்தோடு நடந்துகொண்டே தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மேம், அம்மா வாய்ஸ் அஞ்சு நிமிஷத்துக்கு மேல சுத்தமா இருக்கு. அது போதும். அவங்க பாடாத பாட்டையும் பாட வைக்கலாம். உங்க பர்த்டேக்குப் பண்ணித் தரட்டுமா?"

அவள் கண்ணில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. நான் உடனே மறுக்கவில்லை. அன்றிரவு தூங்கவும் இல்லை. அம்மாவுக்குப் பாட்டு கற்றுக்கொள்ள ஆசை இருந்தது. தாத்தா அனுப்பவில்லை. அம்மா மேடையே ஏறியதில்லை. அவள் ஆசைப்பட்டுக் கேட்ட கீர்த்தனை ஒன்று உண்டு. வானொலியில் அது வந்தால் அடுப்பைத் தணித்துவிட்டு நிற்பாள். கூடப் பாடமாட்டாள். "அது நமக்கு வராதுடி" என்பாள். அந்தக் கீர்த்தனையை வயலினோடும் மிருதங்கத்தோடும் அவள் குரலில் கேட்டுவிட்டால் என்ன? அவளுக்குக் கிடைக்காததை நான் வாங்கிக்கொடுத்ததாகாதா?

யாரிடம் அனுமதி கேட்பது என்று யோசித்தபோதுதான் திகைத்தேன். என்னிடம்தான். இப்போது நான்தான் குடும்பம். முந்தைய பக்கங்களில் நான் சந்தேகத்தோடு எழுதிய அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்திருக்கிறேன்.

'குரல்' கோப்பைக் கடைசிவரை மறுபடி கேட்டேன். இரண்டாவது பாட்டின் பாதியில் அம்மா நிறுத்துகிறாள். சிறிது அமைதி. பிறகு அந்தச் சுத்தமான குரலில், இடிகல்லும் ரயிலும் இல்லாமல், எவ்வளவோ வருடங்களாக இரைச்சலில் எனக்குக் கேட்காமல் இருந்த ஒரு வாக்கியம்: "போதும்டி. அணைச்சுடு."

கேசட் அதோடு முடியவில்லை. இன்னும் இரண்டு நிமிடம் ஓடுகிறது. நான் அணைக்கவில்லை. அம்மா பாடிக்கொண்டேதான் இருக்கிறாள், பட்டன் அணைந்துவிட்டது என்ற நம்பிக்கையில். 'மற்றவை'யில் போய்ச் சேர்ந்த முனகலில் பெரும்பகுதி இந்த இரண்டு நிமிடத்தில்தான் இருக்கிறது. பத்து வயதில் நான் செய்தது திருட்டு என்று சொல்லமாட்டேன். ஆனால் அனுமதி முடிந்த இடம் எது என்பதை அவள் தன் வாயால் சொல்லியிருக்கிறாள். சொன்னதை எனக்குக் கேட்கச் செய்ததும் அதே மென்பொருள்தான்.

மாணவியிடம் வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். அந்த வாக்கியத்தைப் போட்டுக் காட்டினேன். காதிலிருந்து கருவியை எடுத்துவிட்டு, "நாலையும் திரும்பச் சேத்து வச்சுடலாம் மேம், சேத்தா பழசு மாதிரியேதான் இருக்கும்" என்றாள். அப்படியே செய்தாள். அவள் சொன்னது உண்மை. நான்கு கோப்புகளையும் ஒன்றாக ஓடவிட்டால் ஏறக்குறைய அதே பழைய கேசட்தான். ரயில் போகிறது, மிளகு இடிபடுகிறது, கேட் மணி அடிக்கிறது, நடுவில் அம்மா. இரைச்சலுக்கு அடியில் அவள் போதும் என்று சொல்வது எந்த இடம் என்பது இப்போது எனக்குத் தெரியும். அங்கே வந்ததும் நிறுத்திவிடுகிறேன்.